பச்சை ஏறிய கருப்பு

சென்ற மாதம் உங்கள் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். வரிசையாக அடுக்கிய கண்ணாடிக் குழாய்களையும், ஆளுக்கொரு தராசையும் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. விடைபெறும் நேரத்தில் உங்களில் ஒருவர், "ஐயா, இத்தனை வருடத்தில் நீங்கள் செய்த பெரிய தப்பு எது?" என்று கேட்டார். மற்றவர்கள் அவரை முறைத்தார்கள். நானும் ஏதோ சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. நல்ல கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லாமல் வந்தது எனக்கு அழகில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதல் யுத்தம் தொடங்குவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது. எனக்கு, இந்த ஞானமுத்துவுக்கு, அப்போது இருபத்தைந்து வயது. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் படித்து, சென்னைக்குப் போய் ரசாயனத்தில் பட்டம் வாங்கித் திரும்பியிருந்தேன். எங்கள் தெருவில் பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் வாத்தியாராகவோ குமாஸ்தாவாகவோ போனார்கள். நான் சாயப் பட்டறைக்குப் போனேன். அப்பா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. கையெல்லாம் கறையோடு கோயிலுக்கு வருகிறேன் என்று அம்மாவுக்கு வருத்தம்.

பட்டறை தாமிரபரணிக் கரையில் மேலப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. முதலாளி ஏரல் ஊர்க்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. துணி வியாபாரத்தில் பெயர் எடுத்தவர்; சாயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வார். சாயத்தொட்டிகளுக்குப் பொறுப்பு மீரான். மேலப்பாளையத்து ஆள், என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அவருக்குப் புத்தகப் படிப்பு கிடையாது. எனக்குத் தொட்டிப் படிப்பு கிடையாது. இருவரும் ஒருவரை ஒருவர் மரியாதையோடு சந்தேகித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் பட்டறையின் சரக்கு அனிலின் கருப்பு. அது வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீலம், சிவப்பு என்று மற்றச் சாயங்களை எப்படியாவது தண்ணீரில் கரைத்துத் துணியில் ஏற்றலாம். இந்தக் கருப்பு எதிலும் கரையாது. அதனால் அதைத் துணிக்குள்ளேயே பிறக்க வைக்க வேண்டும். அனிலின் உப்பில் துணியை நனைத்து, வெதுவெதுப்பான அறையில் தொங்கவிட்டால், அனிலின் துணுக்குகள் ஒன்றோடொன்று கைகோத்து நூலுக்குள் நீண்ட சங்கிலியாகிவிடும். நீங்கள் இன்று பாலிமர் என்று சொல்வது இதுதான். எங்களுக்கு அந்தச் சொல்லும் தெரியாது, சங்கிலி என்பதும் தெரியாது. துணி முதலில் கரும்பச்சையாக மாறும். குரோம் உப்புத் தண்ணீரில் முக்கினால் கருப்பாகும். பிறகு இன்னொரு முறை, அதே உப்பைக் கொஞ்சம் அமிலத்தோடு சுடுநீரில் கரைத்து அரை மணி நேரம் போட்டுப் புரட்ட வேண்டும். அந்தக் கடைசிச் சுடுநீர்க் குளியலில்தான் என் கதை இருக்கிறது.

எனக்கு அந்தக் குளியல் பிடிக்கவில்லை. விறகு தின்றது. நேரம் தின்றது. சில நாள் துணியையும் தின்றது. சூடு கொஞ்சம் ஏறினால் நூல் இற்றுப்போகும். குளிக்கப் போகும் முன்பும் கருப்பு, வந்த பின்பும் கருப்பு. பிறகு எதற்கு? ஒரு மாதம் சோதித்துப் பார்த்தேன். அந்தக் குளியல் இல்லாத துணியைச் சோப்பில் துவைத்தேன், மாடியில் வெயிலில் காயப்போட்டேன், வெள்ளைத் துணியால் தேய்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. வெற்றிக் களிப்போடு அண்ணாச்சியிடம் போய், அந்தக் குளியல் தேவையில்லை என்று சொன்னேன்.

மீரான் பக்கத்தில் நின்றிருந்தார். "அதை எதுக்கு வச்சிருக்கான்னு தெரியுமா வே?" என்று கேட்டார்.

"பளபளப்புக்காக இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

நான் அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். பட்டம் வாங்கியவன் நான். அண்ணாச்சி என் பக்கம் பார்த்து, "படிச்ச பிள்ளை சொல்லுதான், எடுத்துப் போடுவோம்" என்றார். எடுத்துப் போட்டோம்.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் சோதிக்காமல் செய்யவில்லை. சோதித்துத்தான் செய்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த எதிரிகளை வைத்து மட்டும் சோதித்தேன். சோப்பு, வெயில், உரசல். எனக்குத் தெரியாத எதிரி ஒருவன் இருப்பான் என்று நினைக்கவே இல்லை.

அவன் தூத்துக்குடியில் இருந்தான்.

தூத்துக்குடியில் பெர்னாந்து என்றொரு குடை வியாபாரி. பரம்பரையாகக் கடலோடு புழங்கிய குடும்பம். இவர் தோணியை விட்டுவிட்டுக் கொழும்புக்குச் சரக்கு அனுப்பும் தொழிலில் இறங்கியவர். அங்கே துணியைக் குடையாகத் தைத்து, மழைக்காலம் தொடங்கும் முன் கடைக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சித்திரையில் அவருக்காக இருபது சிப்பம் கருப்புத் துணி அனுப்பினோம். புது முறையில் செய்த முதல் பெரிய சரக்கு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணாச்சி அதை வாய்விட்டு வாசித்தார். "உம்மிடம் நான் குடைத் துணி கேட்டேன். வாழையிலை கேட்கவில்லை. இருபது சிப்பமும் பச்சை. வியாழக்கிழமைக் கப்பலில் ஏற்ற வேண்டும். யாரையாவது அனுப்பும்."

அண்ணாச்சி கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீயே போயிட்டு வா" என்றார்.

வியாழன் காலை ரயிலேறினேன். மணியாச்சியில் வண்டி மாறினேன். அவர் என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். தூத்துக்குடியில் இறங்கி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய கிடங்குக்கு நடந்தேன்.

கிடங்கு வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பெர்னாந்து கட்டுமஸ்தான ஆள், வெள்ளை மீசை. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "நெல்லையிலேருந்தா? வாரும் வே, வாரும். லெட்டர்ல கொஞ்சம் சூடா எழுதிட்டேன், மனசுல வச்சிக்கிடாதேயும். எல்லாம் சரியாப் போச்சி."

"சரியாப் போச்சா?"

"அங்கன பாரும்."

கிடங்கின் பின்முற்றத்தில் பெரிய பெரிய பானைகள். கயிறு கட்டித் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் கருப்பு. ஓர் அம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பானையிலிருந்து துணியைத் தூக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். அந்தத் தெருவுக்குத் துணி வெளுக்கிற பேச்சி. பெர்னாந்துவின் வீட்டுத் துணியோடு சேர்த்துப் பச்சைத் துண்டு ஒன்றையும் தவறுதலாக, வெளுக்கும் உவர்மண் தண்ணீரில் போட்டிருக்கிறாள். அது கருப்பாகிவிட்டது.

"ஒரு முக்குதான் முக்குனேன்" என்று பேச்சி பெருமையோடு சொன்னாள். "நீங்க படிச்சவங்க என்ன சாயம் போடுதீங்களோ. எங்க மண்ணுதான் அதைக் கருப்பாக்குச்சி."

நான் துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கருப்புதான். ஆனால் ஓரத்தில் நீலம் ஓடிய கருப்பு. எங்கள் கருப்பு அப்படி இருக்காது.

"முதல்ல எப்படிப் பச்சையாச்சு?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? எலித் தொல்லைன்னு துறைமுகத்துக் கிடங்கு பூராவும் கந்தகம் கொளுத்திப் புகை போட்டானுவ. பிளேக் பயம். புகை போட்டு முடிச்சி சிப்பத்தைப் பிரிச்சா, பச்சை. வாரும், சாப்பிட்டுப் பேசுவோம். நாலு மணிக்குச் சரக்குப் படகு."

அவர் வீடு கிடங்குக்கு மேலேயே இருந்தது. சீலா மீன் பொரித்திருந்தார்கள். தட்டோரத்தில் எலுமிச்சம்பழத் துண்டு. நான் சாப்பிட உட்கார்ந்தேனே தவிர மனமெல்லாம் கந்தகப் புகையில் இருந்தது. புகை என்றால் அமிலம். உவர்மண் என்றால் காரம். அமிலத்தில் பச்சை, காரத்தில் கருப்பு. அப்படியானால் பேச்சியின் மண் துணியைக் குணப்படுத்தவில்லை. அமிலத்தைக் கழுவியிருக்கிறது, அவ்வளவுதான்.

கையில் ஒரு துண்டுத் துணி வைத்திருந்தேன். பேச்சி வெளுத்துக் காயவைத்தது. பெர்னாந்து குழம்புக்காக உள்ளே குரல் கொடுத்த நேரத்தில், மேசைக்கு அடியில் அந்தத் துணிமேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன்.

குனிந்து பார்த்தேன். துணியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை.

அதைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இந்த இடத்தை நான் மறைக்கப் போவதில்லை. வைத்துக்கொண்டு, இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. சரக்கைக் கொடுத்தாயிற்று, வாங்கியவர் திருப்தியாக இருக்கிறார், மன்னிப்புக்கூடக் கேட்டுவிட்டார். நாலு மணிக்குப் படகு போய்விடும். கொழும்பில் யாருடைய தலைக்கு மேல் எந்தக் குடை பச்சையானால் எனக்கு என்ன? மழைநாளில் ஈரக் குடையோடு புகைபோக்கிப் பக்கம் யாரோ நிற்பார்கள். யாருடைய வியர்வையோ பிடியோரத் துணியில் இறங்கும். அது என் பெயரைச் சொல்லாது. பெர்னாந்து பெயரைத்தான் சொல்லும்.

பெர்னாந்து என் தட்டில் இன்னொரு மீனை வைத்தார். "நல்லாச் சாப்பிடும். உம்ம வயசுல எனக்கும் ஒரு சரக்கு இப்படித்தான் கெட்டுப்போச்சி. மூணு நாள் சாப்பிடலை."

அந்த மீனை என்னால் தின்ன முடியவில்லை. சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்து மேசைமேல் விரித்தேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தட்டோரத்தில் பிழிந்து கிடந்த எலுமிச்சைத் தோலைப் பார்த்தார்.

"எல்லாத் துணியும் இப்படித்தானா?"

"எல்லாத் துணியும். தப்பு என்னுடையது. கடைசிக் குளியல் ஒன்றை நான்தான் வேண்டாம் என்று எடுத்தேன். அதில்லாததால் கருப்பு முழுசாக முற்றவில்லை. இப்போது கழுவியது நிற்காது."

அந்தத் தோலை எடுத்துத் துணியின் இன்னொரு ஓரத்தில் தேய்த்துப் பார்த்தார். வெளியே படகுக்காரர்கள் கூப்பிட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"நான் பாட்டுக்குச் சந்தோஷமா இருந்தேன்" என்றார் கடைசியில். "ஏன் வே சொன்னீரு?"

"மீன் வச்சீங்க" என்றேன். அந்த நேரத்தில் அதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை.

அவர் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். "அடுத்த வியாழன் விட்டு அதுக்கடுத்த வியாழன் ஒரு கப்பல் இருக்கு. அதைத் தவற விட்டா மழை பிடிச்சிரும், பெறகு குடை தைச்சிப் பிரயோசனமில்லை. பதினாலு நாள். ஆகுமா?"

ஆகும் என்று சொல்ல வாய் வந்தது. பழைய ஞானமுத்துவாக இருந்தால் சொல்லியிருப்பேன். "தெரியாது. முயற்சி பண்ணுவேன். ஆகாது என்று தெரிந்தால் அன்றைக்கே தந்தி கொடுப்பேன்" என்றேன்.

"அது போதும்" என்றார்.

கீழே இறங்கியபோது பேச்சியிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். "எங்க மண்ணு மேல குத்தம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லை பேச்சியம்மா. குற்றம் என் மேல்."

"அப்பம் சரி" என்று பானையைக் கவிழ்த்தாள்.

சிப்பங்களோடு திரும்பி வந்ததும் நேரே தொட்டியடிக்குப் போனேன். மீரானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்று அவர் சொல்வதற்காகக் காத்து நின்றேன். சொல்லவில்லை. துணியை வாங்கி, எலுமிச்சைப் பச்சையைப் பார்த்து, "அழகாத்தான் இருக்கு. பச்சைன்னே வித்திருக்கலாம்" என்றார். பிறகு அடுப்பை மூட்டச் சொன்னார்.

பழைய சுடுநீர்க் குளியலைப் போட்டால் முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தோம். முடியவில்லை. இந்தத் துணி கந்தகப் புகை குடித்தது, உவர் தண்ணீரில் கிடந்தது, இரண்டு முறை காய்ந்தது. நூலுக்குத் தெம்பு குறைந்திருந்தது. பழைய சூட்டில் பழைய நேரம் புரட்டி எடுத்தோம். எலுமிச்சை பிழிந்தோம், பச்சை இல்லை. நான் சிரித்தேன். மீரான் துணியின் இரு முனையைப் பிடித்து லேசாக இழுத்தார். அப்பளம்போல் வந்துவிட்டது.

சூட்டைக் குறைத்தோம். துணி இழுவைக்கு நின்றது, எலுமிச்சைக்குப் பச்சையானது. நேரத்தைக் கூட்டினோம். பச்சை போனது, துணியும் போனது. இரண்டு நாள் இப்படியே. எலுமிச்சம்பழம் கூடை கூடையாக வந்தது. பட்டறையில் அத்தனை பேரும் மிச்சப் பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் குடித்தார்கள். அந்தச் சித்திரை வெயிலில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை, எங்கள் இருவருக்கும் தவிர.

மூன்றாம் நாள் மீரான் சொன்னார். "சூடு கம்மியா இருக்கணும். புளிப்பும் கம்மியா இருக்கணும். அதுமட்டும் எனக்குத் தெரியுது. ஆனா அப்பிடிப் போட்டா கருப்பு முத்த மாட்டேங்குது. அதுக்கு வேற என்னமோ தீனி வேணும் வே."

தீனி என்ற சொல் என் மண்டையில் தட்டியது. அனிலின் பீப்பாயோடு வந்த சீமைக் கையேட்டில், கடைசிக் குளியலில் துளி அனிலின் உப்புச் சேர்க்கலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. காரணம் எழுதியிருக்காது. காரணமில்லாத வரி என்று நான் தாண்டிப் போயிருந்தேன். அன்று ஒரு சிட்டிகை சேர்த்தேன். சூட்டைக் குறைத்து, அமிலத்தைக் குறைத்து, ஒரு மணி நேரம் பைய புரட்டினோம்.

எலுமிச்சை பிழிந்தோம். கருப்பு. சட்டியில் கந்தகம் கொளுத்தி மேலே தொங்கவிட்டோம். கருப்பு. மீரான் ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்து, காலை ஊன்றி இழுத்தோம். துணி தாங்கியது. அவர் கொஞ்சம் அதிகமாக இழுத்ததில் நான்தான் விழுந்தேன்.

வழி கிடைத்தது, ஆனால் ஒற்றையடிப் பாதை. சூடு இரண்டு டிகிரி ஏறினாலும் துணி போய்விடும். ஆகவே சிறு தொட்டியில் ஒவ்வொரு சிப்பமாகப் போடுவது என்று தீர்மானித்தேன். நாளுக்கு மூன்று சிப்பத்துக்கு மேல் ஆகாது.

அண்ணாச்சிக்கு இது பொறுக்கவில்லை. மூன்று சிப்பம் முடிந்த நிலையில் தொட்டியடிக்கு வந்தார். "பெரிய தொட்டி சும்மா கெடக்கு. மொத்தத்தையும் போட்டு ஒரே நாள்ல எடுங்கலே. நாள் போகுதுல்லா?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஏன் வேண்டாங்கே? மூணு சிப்பம் நல்லாத்தானே வந்திருக்கு?"

"மூன்று வந்தது. நாலாவது வரும் என்று எனக்குத் தெரியாது."

அவருக்கு முகம் சிவந்தது. முதலாளி. அவர் துணி, அவர் தொட்டி. முன்பு நான் ஒரு குளியலை எடுத்தபோது மறுபேச்சில்லாமல் என்னை நம்பியவர். இப்போது நான் நம்பாதே என்கிறேன். மீரானைப் பார்த்தார். மீரான் துடுப்பை நிறுத்தாமல், "அவரு சொல்லுத மாதிரியே போவோம் அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி போகவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார், நாலாவது சிப்பத்தைப் பார்க்க.

அந்தச் சிப்பத்தில்தான் வெப்பமானி உடைந்தது. பட்டறையில் இருந்தது அது ஒன்றே. துடுப்பு தட்டியதில் குமிழ் நொறுங்கிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அடுப்பில் பனை மட்டை பிடித்துக்கொண்டது. தொட்டியிலிருந்து ஆவி எழுவதைக் கண்டு துணியை வெளியே இழுத்தோம். மீரான் ஒரு முனையைப் பிடித்தார். கிழிந்தது. இன்னோரிடம். கிழிந்தது.

அண்ணாச்சி எழுந்து வந்தார். அந்தத் துணியில் ஒரு கீற்றைக் கிழித்தார். அது சிரமமே இல்லாமல் வந்தது. அதை வியர்வைக்குத் தலையில் கட்டிக்கொண்டார். "இருபதையும் போட்டிருந்தா ஊருக்கே தலப்பா கட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். அதற்குப் பிறகு பெரிய தொட்டியைப் பற்றி அவர் பேசவில்லை.

இப்போது வெப்பமானி இல்லை. சென்னையிலிருந்து வரவழைக்க ஒரு வாரம் ஆகும். மீரான் விரலைத் தொட்டியில் விட்டுப் பார்ப்பேன் என்றார். அவர் விரல் நம்பிக்கையானதுதான். ஆனால் குரோம் உப்பில் நாள் முழுக்க விரலை விட்டால் புண்ணாகிவிடும், புண்ணான விரல் சூட்டைச் சரியாகச் சொல்லாது. பரீட்சைக்குக்கூட நான் அப்படி யோசித்ததில்லை. பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு சூடு. எல்லாச் சூட்டையும் அளக்கும் கருவி எதற்கு? அந்த ஒரு சூட்டில் உருகுகிற பொருள் ஒன்று போதுமே.

தேன்மெழுகு ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் உருகும். பாளையங்கோட்டைக்கு ஓடினேன். எங்கள் வேதக் கோயிலில் சுத்தமான தேன்மெழுகில் வார்த்த மெழுகுவர்த்தி இருந்தது. உபதேசியாரிடம் கேட்டு ஒன்று வாங்கினேன். "வீட்டில் ஜெபத்துக்கா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். சாயத்தொட்டிக்கு என்று சொன்னதும் மெழுகுவர்த்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதுவும் ஒரு காரியம்தான் என்று கொடுத்தார்.

மெழுகைச் சீவிக் கண்ணாடிக் குழாயில் போட்டு, வாயை உருக்கி அடைத்து, குச்சியில் கட்டித் தொட்டியில் இறக்கினேன். மெழுகு ஓரத்தில் கண்ணாடிபோல் தெளியத் தொடங்கினால் விறகை இழுக்க வேண்டும். வெள்ளையாக உறைந்தால் விறகைத் தள்ள வேண்டும். அவ்வளவுதான் விதி. மீரான் முதலில் சிரித்தார். அப்படி இரண்டு சிப்பம் முடிந்ததும் அந்தக் குழாயைத் துடைத்துத் தன் தலைத்துண்டில் பத்திரமாகச் சுற்றி வைத்துக்கொண்டார்.

பத்தொன்பது சிப்பம் முடிந்தன. பதின்மூன்றாம் நாள் நானும் மீரானும் தூத்துக்குடியில் இறங்கினோம். ஒரு சிப்பம் கெட்டுப்போனதை முதலிலேயே பெர்னாந்துவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். எலுமிச்சம்பழத்தை நான் எடுப்பதற்குள், "அதெல்லாம் நீரு பாத்திருப்பீரு. நான் என் கண்ணால பாக்கணும்" என்றார்.

ஒவ்வொரு சிப்பத்திலிருந்தும் ஒரு முழம் வெட்டினார். தன் வீட்டுப் பின்னறையில் அவற்றைக் கொடியில் தொங்கவிட்டு, கந்தகச் சட்டியைக் கொளுத்தி வைத்துக் கதவைச் சாத்தினார். காலையிலிருந்து பிற்பகல் வரை நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவர் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு தடவை வந்து, வீட்டில் மனுஷர் இருக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனாள். மீரான் தொழுதுவிட்டு வந்தார். நானும் மனதுக்குள் என்னால் ஆனதைச் செய்தேன்.

மூன்று மணிக்குப் பெர்னாந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார். இருமிக்கொண்டு, இரண்டு கையிலும் துணிகளை அள்ளிக்கொண்டு வந்தார். வெயிலில் ஒவ்வொன்றாகத் தரையில் விரித்தார். பத்தொன்பதையும் எண்ணிக்கொண்டே விரித்தார். பத்தொன்பதும் கருப்பு.

கண்ணில் புகை பட்டு நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொண்டு, "ஏத்துங்கலே" என்று படகுக்காரர்களைப் பார்த்துச் சொன்னார்.

அந்தக் குடைகள் கொழும்பில் நல்லபடியாக விற்றன. பெர்னாந்து உயிரோடு இருந்தவரை வேறெங்கும் கருப்பு வாங்கவில்லை. சரக்குக் கேட்டு எழுதும்போதெல்லாம் கடைசியில், "இந்தத் துணி எதுக்குப் பயப்படும் என்று எழுதி அனுப்பவும்" என்று ஒரு வரி சேர்ப்பார். நாங்களும் எழுதுவோம். பிறகு எல்லா வியாபாரிகளுக்கும் அப்படி எழுதி அனுப்புவது எங்கள் பட்டறையின் வழக்கமாகிவிட்டது. ஒரு சரக்கின் நல்ல குணத்தை யாரும் சொல்வார்கள். அதன் பயத்தையும் சேர்த்துச் சொல்கிறவனிடம்தான் திரும்ப வருகிறார்கள். இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

நாங்கள் செய்தது என்ன என்று எங்களுக்கு அப்போது தெரியாது என்றேன் அல்லவா. பல வருடம் கழித்து, சென்னையிலிருந்து வந்த ஒரு ரசாயனச் சஞ்சிகையில் அதைப் படித்தேன். அந்தச் சங்கிலி அரைகுறையாக இருக்கும்போது அமிலம் அதன் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது, துணி பச்சையாகிறது. மெதுவான சூட்டில் இன்னும் கொஞ்சம் அனிலின் கொடுத்தால், அந்தத் துணுக்குகள் சங்கிலியில் வந்து ஒட்டி, கண்ணிக்குக் கண்ணி சிறு சிறு வளையங்களாக மூடிக்கொள்கின்றன. ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு மூலையில் நைட்ரஜன். மூடிய பிறகு அமிலத்துக்கு அங்கே அவ்வளவு சுலபமாக வேலையில்லை. மீரான் சொன்ன தீனி அதுதான்.

சஞ்சிகையை எடுத்துக்கொண்டு மேலப்பாளையத்துக்குப் போனேன். மீரானுக்கு அப்போது தாடி நரைத்திருந்தது. படத்தைக் காட்டி, தமிழில் சொல்லி விளக்கினேன். கூர்ந்து கேட்டார். விரலால் அந்தச் சங்கிலியை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவினார்.

"ஒரு நூலுக்குள்ள இப்பிடி எத்தனை வளையம் இருக்கும்?"

"எண்ண முடியாது. கோடிக்கு மேலே கோடி."

"பத்தொம்பது சிப்பத்துலயும்?"

"பத்தொன்பது சிப்பத்திலும்."

"அம்புட்டையும் நாமளா மூடினோம்?"

"நாம்தான்."

அவர் தோளைத் தடவிக்கொண்டார். "அதான் வே," என்றார், "அந்தப் பதிமூணு நாளும் கை அப்பிடி வலிச்சுது."